பாரிஸ் மாநகரில் எங்கே தங்குவது?

ஐரோப்பிய நகரொன்றுக்கு முதன்முறையாகப் பயணஞ் செய்யும் குடும்பத்தார், அங்கே எவ்வெவற்றைப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் ஆராய்வர். எங்கே தங்குவது என்னும் வினாவையோ, வாடகை குறைந்த அறையொன்று கண்ணிற் பட்ட அன்றே முடித்துவிடுவர். ஈபெல் கோபுரத்தின் அடியில் நாம் நிற்கப்போவது ஒருமணி நேரம். தங்கும் வீதியிலோ ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மாலையும் நடக்கப்போகின்றோம். களைத்துத் திரும்பும் முதியோரின் ஆறுதலும், பசித்து எழும்பும் சிறுவரின் உணவும், எண்ணி எடுத்துச் சென்ற பணத்தின் செலவும் அந்த ஒரு தெரிவையே பொறுத்துள்ளன. 2025ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாம் குடும்பமாகப் பாரிஸ் சென்று வந்தோம். அப்பொழுது எண்ணிப் பார்த்தவற்றையும் கண்டறிந்தவற்றையும், அவ்வாறே புறப்பட எண்ணும் குடும்பங்களுக்கும் மாணவருக்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையில் இங்கே கூறுகின்றோம்.

நகரின் அமைப்பு

பெயரின் பெருமையை நோக்கப் பாரிஸ் சிறிய நகரமே. அதன் எல்லைக்குள் அடங்கிய நிலம் ஏறக்குறைய 105 சதுர கிலோமீற்றர். அதில் வாழும் மக்கள் 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். சேன் நதி நகரின் நடுவே வில்லைப்போல வளைந்து ஓடுகின்றது. நதிக்கு வடக்கேயுள்ள பாகத்தை வலக்கரை என்றும் தெற்கேயுள்ள பாகத்தை இடக்கரை என்றும் அவ்வூரார் வழங்குவர். 1860ஆம் ஆண்டு முதல் நகரம் இருபது வட்டாரங்களாக வகுக்கப்பட்டுள்ளது. லூவர் அரண்மனையைச் சூழ்ந்த முதலாம் வட்டாரத்தில் தொடங்கி, நத்தையோட்டின் சுழியைப்போல வலஞ்சுழியாகச் சுற்றி விரிந்து, கிழக்கெல்லையில் இருபதாம் வட்டாரத்தோடு அவை முடிகின்றன.

இந்த இலக்கங்களை அறிந்துகொள்வது அறை தேடுவோருக்குப் பெரிதும் உதவும். பாரிஸ் நகரின் அஞ்சற் குறியீடுகள் யாவும் 75 என்று தொடங்குவன. இறுதி இரண்டு இலக்கங்களும் வட்டாரத்தைக் குறிப்பன. 75005 என்றால் ஐந்தாம் வட்டாரம்; 75018 என்றால் பதினெட்டாம் வட்டாரம். விளம்பரத்திலே பாரிஸ் என்று பெரிதாக எழுதியிருந்தாலும், குறியீடு 92, 93, 94 என்று தொடங்குமாயின் அவ்விடம் நகரெல்லைக்கு வெளியேயுள்ள புறநகர் என்று அறிக. பழைய கோட்டை மதில் நின்ற இடத்திலே, 1973இல் நிறைவெய்திய 35 கிலோமீற்றர் நீளமான சூழ்சாலையொன்று ஓடுகின்றது. நகரும் புறநகரும் பிரியும் இடம் அதுவேயாகும்.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வோர் இயல்பு

ஈபெல் கோபுரம் நிற்பது ஏழாம் வட்டாரத்தில். அகன்ற சாலைகளும் அமைதியான மாளிகைகளும் நிறைந்த பகுதி அது. வாடகையும் உணவும் விலை கூடியவை. மாலையில் நாலு மனிதரைக் கண்டு நடக்கத்தக்க கடைவீதியும் குறைவு. 330 மீற்றர் உயர்ந்த கோபுரத்தை நகரின் பல மூலைகளிலிருந்தும் காணலாமாதலின், அதனைக் காண்பதற்காக அதன் அடியிலே தங்கவேண்டியதில்லை.

பதினெட்டாம் வட்டாரத்திலுள்ள மொன்மார்த்ர் குன்று ஏறக்குறைய 130 மீற்றர் உயரமுடையது. அதன் உச்சியில் வெண்ணிறத் திருஇருதய ஆலயம் விளங்குகின்றது. ஓவியர் பலர் வாழ்ந்த அவ்விடத்தின் பெயரைக் கேட்டதும் இளையோர் மனம் அங்கே ஓடும். ஆயின் அங்குள்ள வீதிகளிற் பல படிக்கட்டுகளாகவே அமைந்துள்ளன. குன்றேறக் கயிற்றுப் புகையிரதம் உண்டெனினும், முழங்கால் நோவுள்ளவர் நாள்தோறும் ஏறி இறங்கத்தக்க இடமன்று.

மூன்றாம், நான்காம் வட்டாரங்களிற் பரந்துள்ள மறே என்னும் பகுதி பழம்பெருமை வாய்ந்தது. அங்கேயுள்ள வோஜ் சதுக்கம் 1612இல் கட்டி முடிக்கப்பட்டது. வீதிகள் ஒடுங்கியவை; கண்ணுக்கு விருந்தானவை. இராக்காலங்களில் உணவுச்சாலைகளின் ஆரவாரம் நெடுநேரம் கேட்கும். அறைகளும் மிகச் சிறியவை.

குறைந்த செலவில் தங்க விரும்புவோர் பலரும் நாடுவது, பத்தாம் வட்டாரத்தில் வடக்குப் புகையிரத நிலையத்தைச் சூழ்ந்த விடுதிகளையே. விமான நிலையத்திலிருந்து வரும் புகையிரதம் நேரே அங்கு வந்து சேர்வது பெரும் வசதி. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்றலைக் கண்டு பழகிய நமக்கு அங்குள்ள சனநெருக்கம் புதிதன்று. எனினும் பணப்பையைக் காக்கும் கவலையோடு நாள்தோறும் அந்நெருக்கத்தைக் கடந்து அறைக்குத் திரும்புவது, முதியோரோடும் பிள்ளைகளோடும் செல்வோருக்கு இளைப்பாறுதல் தராது.

லாச்சப்பலும் நம்மவரும்

அந்நிலையத்துக்குச் சற்று வடக்கே, மெத்ரோ புகையிரதத்தின் இரண்டாம் பாதை வீதிக்கு மேலே பாலத்தின்மீது ஓடும் இடத்திலேதான் நம்மவர் லாச்சப்பல் என்று வழங்கும் பகுதி தொடங்குகின்றது. 1983ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிலிருந்து பெருந்தொகையாகச் சென்ற தமிழர், இங்குள்ள வீதிகளிலே கடை வைத்துத் தொழில் செய்து ஒரு தமிழ்க் கடைத்தெருவையே ஆக்கிவிட்டனர். தமிழெழுத்துப் பெயர்ப்பலகைகளும், சேலைக் கடைகளும், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் பலசரக்குக் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. இப்பகுதியிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் நிறுவப்பட்டது. ஆவணி மாத அளவில் அதன் தேர் பாரிஸ் வீதிகளில் உலா வரும்பொழுது, பிரெஞ்சுக்காரரும் நின்று பார்க்க நடுவீதியிலே தேங்காய்கள் உடைபடும்.

இடியப்பமும் சொதியும் கிடைக்கும் இடத்தை விட்டு வேறெங்கே தங்குவது என்று சிலர் எண்ணலாம். நாம் இரண்டு முறை அங்கே சென்று வயிறார உண்டோம், கோயிலிலும் வழிபட்டோம். எனினும் அங்கே தங்கவில்லை. லாச்சப்பலில் தங்கி லாச்சப்பலில் உண்டு திரும்புவோர், பார்க்கச் சென்ற நகரத்தின் வாசலிலேயே நின்றுவிடவுங் கூடும். வேண்டும்பொழுது அரைமணி நேரத்திற் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அது இருத்தல் போதுமானது.

உறவினர் வீடா, விடுதியா?

நம் நாட்டுக் குடும்பங்களுக்குப் பாரிஸ் பயணத்திலே எழும் மிகக் கடினமான வினா இதுவே. எம்மோடு எழுபது வயதைக் கடந்த எம் அன்னையாரும், பல்கலைக்கழகத்திற் பயிலும் மகளும் வந்தனர். அன்னையாருக்கு லூவர் அரண்மனையும் ஒன்றுதான், ஈபெல் கோபுரமும் ஒன்றுதான். 1987இல் ஊரை விட்டுப் புறப்பட்ட தம் தங்கையைக் காணவேண்டும் என்பதே அவருடைய ஒரே விருப்பம். மகளுக்கோ நகரத்தையே பார்க்கவேண்டும். இருவர் விருப்பமும் ஒரே வாரத்தில் நிறைவேறவேண்டும்.

சின்னம்மா வாழ்வது நகரின் வடக்கெல்லைக்கு வெளியே, லா கூர்நெவ் என்னும் புறநகரில். நாம் விடுதி தேடுகின்றோம் என்று கேள்விப்பட்டதும் அவர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா வாறா எண்டு நான் நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறன். வீடு இருக்கேக்க ஹோட்டலிலை போய் நிக்கப் போறியளோ?” என்று அவர் கேட்டபொழுது விடை கூறுவது எளிதாக இருக்கவில்லை. அவருடைய வீடு இரண்டு அறைகள் கொண்டது. மகன் உணவுச்சாலையில் வேலை முடித்து நள்ளிரவின் பின்னரே வீடு திரும்புவார். மருமகள் விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுவார். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிக்கூடம். நாம் நால்வர் அங்கே ஒரு வாரம் தங்குவதாயின், அவர்களுள் ஒருவராவது வேலையை விடவேண்டும். யாவரும் உறக்கத்தை இழக்கவேண்டும். நம்மவர் எவரும் அதனை வாய்திறந்து சொல்லமாட்டார்கள். சொல்லாததை உணர்ந்து நடப்பது விருந்தினரின் கடன்.

வேறொரு செய்தியையும் இங்கே குறிப்பிடவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் பிரான்சுக்குச் செல்ல முன்னரே விசா பெறவேண்டும். விண்ணப்பத்தோடு தங்குமிடத்துக்குச் சான்று காட்டவேண்டும். விடுதியாயின் அறை ஒதுக்கிய பத்திரம் போதுமானது. உறவினர் வீடாயின், அவர் தம் நகராட்சி மன்றத்துக்குச் சென்று, வருவோரை ஏற்றுத் தங்கவைப்பதாக முறைப்படி சான்றிதழ் பெற்று அனுப்பவேண்டும். அதற்கு நாட்கள் செல்லும். ஆகவே தங்குமிடத்தைப் பற்றிய முடிவு விமானச்சீட்டு வாங்கும் காலத்திலேயே செய்யப்படவேண்டியது. பயணத்துக்கு முன்வாரம் செய்யத்தக்கதன்று.

நாம் முடிவு செய்தது இதுவே: ஐந்து இரவுகள் நகரினுள்ளே விடுதியில், சனியும் ஞாயிறுமான இரண்டு இரவுகள், எல்லாரும் ஓய்வாக இருக்கும் வேளையில், சின்னம்மா வீட்டில். இரண்டிற்கும் உரிய பத்திரங்களை ஒன்றாகவே இணைத்து விண்ணப்பித்தோம். முதலில் மனம் வருந்திய சின்னம்மாவும், பிள்ளைகள் வீட்டில் நிற்கும் நாட்களிலேயே நாம் வருகின்றோம் என்பதை அறிந்து அமைதியடைந்தார்.

ஒரு பாதையைப் பற்றிக்கொள்ளுதல்

இனி, நகரினுள்ளே எவ்விடம்? பாரிஸ் மெத்ரோ 1900ஆம் ஆண்டிலே தொடங்கியது. இன்று நகரெங்கும் 300க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளமையால், நகரெல்லைக்குள் எங்கே தங்கினாலும் ஒரு நிலையம் அருகிலிருக்கும். ஆயின் நிலையம் அருகிலிருத்தல் மட்டும் போதாது. பாதை மாறுவதற்காக நிலத்தின் கீழே நீண்ட சுரங்க வழிகளில் நடந்து, படியிறங்கிப் படியேறுவதே முதியோரை வாட்டுவது. பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் மின்னுயர்த்தி கிடையாது. 1998இல் திறக்கப்பட்ட பதினான்காம் பாதை ஒன்றிலேயே எல்லா நிலையங்களிலும் அவ்வசதி உண்டு. ஆகவே, நாம் செல்லவேண்டிய இடங்களுட் பெரும்பாலானவற்றை மாறாமலே சென்றடையும் ஒரே பாதையைத் தேடினோம்.

அது ஏழாம் பாதை. சின்னம்மா வாழும் லா கூர்நெவில் தொடங்கித் தெற்கு நோக்கி வரும் அப்பாதை, லாச்சப்பலிலிருந்து ஏழெட்டு நிமிட நடையிலுள்ள லூயி பிளான் நிலையத்தைத் தொடுகின்றது. அதன் பின்னர் கிழக்குப் புகையிரத நிலையம், ஒப்பரா அரங்கு, லூவர் அரண்மனை, சேன் நதியின் பழம்பாலமான போன் நெப் என்பவற்றைக் கடந்து, நதியின் அடியாக இடக்கரை சேர்ந்து, ஐந்தாம் வட்டாரத்தில் பிளாஸ் மோன்ஜ் என்னும் நிலையத்தை அடைகின்றது. அந்நிலையத்துக்கு அண்மையிலேயே அறை எடுத்தோம். அன்னையாரின் தங்கையும், மகளின் லூவரும், எம் எல்லாருடைய இடியப்பமும் ஒரே பாதையில் அமைந்துவிட்டன.

ஐந்தாம் வட்டாரம் கல்விக்குப் பேர்போன லத்தீன் வட்டாரத்தைத் தன்னகத்தே கொண்டது. முற்காலத்தில் ஸோர்போன் முதலிய கல்விக்கூடங்களில் ஆசிரியரும் மாணவரும் லத்தீன் மொழியிலே பேசிப் பயின்றமையால் வந்த பெயர் அது. இன்றும் அங்கே மாணவர் நிறைந்துள்ளனர். ஆதலாற் குறைந்த விலை உணவுச்சாலைகளும் புத்தகக் கடைகளும் உண்டு. காலையிலே மூப்தார் வீதியின் சரிவில் பழமும் மரக்கறியும் விற்கும் கடைகள் திறக்கும். 1635இல் அரச மூலிகைத் தோட்டமாகத் தொடங்கப்பட்ட தாவரவியற் பூந்தோட்டம் எம் விடுதியிலிருந்து பத்து நிமிட நடை. 1926இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலின் முற்றத்திலே புதினாத் தேநீர் அருந்தலாம். நதிக்கரைக்கும் நோத்ர் தாம் பேராலயத்துக்கும் நடந்தே செல்லலாம். 2019 ஏப்பிரலில் தீக்கிரையான அவ்வாலயம், 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது.

அறை எடுக்குமுன் கேட்கவேண்டியவை

முதலாவது, மின்னுயர்த்தி உண்டா என்பது. 1853 முதல் 1870 வரை அதிகாரத்திலிருந்த ஓஸ்மன் என்பாரின் காலத்திலும் அதன் பின்னரும் எழுந்த ஆறேழு மாடிக் கற்கட்டடங்களே பல விடுதிகளாகியுள்ளன. சிலவற்றில் சுழற்படி மட்டுமே உண்டு. மின்னுயர்த்தி இருந்தாலும் இருவரும் ஒரு பெட்டியும் நுழையுமளவே இடமிருக்கும்.

இரண்டாவது, சன்னல் எப்புறம் நோக்கியது என்பது. உள்முற்றத்தை நோக்கிய அறையிலே காட்சி குறைவு, உறக்கம் மிகுதி.

மூன்றாவது, கோடையிற் செல்வோர் குளிரூட்டி உண்டா என்று கேட்கவேண்டும். ஐரோப்பா என்றாற் குளிர் என்று எண்ணுதல் ஆகாது. 2019 யூலை 25ஆந் திகதி பாரிஸில் வெப்பம் 42.6 பாகை செல்சியசை எட்டியது. பல விடுதிகளில் மின்விசிறி கூடக் கிடையாது.

நான்காவது, கட்டணத்தில் எவையெவை அடங்கும் என்பது. அங்கே தங்குவோர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இரவுக்கும் தங்கல் வரி செலுத்தவேண்டும்; பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு அது இல்லை. காலையுணவை விடுதியிலே எடுக்கவேண்டிய கட்டாயமில்லை. எந்த வீதியிலும் பேக்கரி ஒன்று இருக்கும். பகெற் என்னும் நீண்ட பாணைச் செய்யும் கலையை 2022இல் யுனெஸ்கோ மனுக்குலப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. சுடச்சுட வாங்கி வந்த அப்பாணை அன்னையார் மிளகாய்ச் சம்பலோடு உண்டார்.

சமைத்துண்ண விரும்பும் பெரிய குடும்பங்கள் சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுத்தலும் உண்டு. அவ்வாறாயின் விளம்பரத்திலே நகராட்சியின் பதிவிலக்கம் காணப்படுகின்றதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் தாம் வாழும் வீட்டை ஆண்டுக்கு 90 நாட்களுக்கு மேல் இவ்வாறு பயணிகளுக்கு விடுதல் பாரிஸில் 2025 முதல் விலக்கப்பட்டுள்ளது. பதிவில்லாத வீட்டை நம்பிப் பணம் அனுப்புவது தக்கதன்று.

புறநகரில் தங்கினாற் பயணச் செலவு கூடும் என்பது முன்னைய காலத்துப் பேச்சு. 2025 சனவரி முதல், விமான நிலையப் பயணம் தவிர, பிராந்தியம் முழுவதற்கும் மெத்ரோவுக்கும் புகையிரதத்துக்கும் ஒரே கட்டணம், 2.50 யூரோ, விதிக்கப்பட்டது. ஆகவே தூரத்தில் தங்குவதால் இழப்பது பணத்தைவிட நேரமும் உடலின் வலுவுமே. ஆனி மாதத்திலே இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். மார்கழியிலோ ஐந்து மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். மாரியிற் செல்வோர் நிலையத்திலிருந்து அறைக்குள்ள நடை ஐந்து நிமிடத்தைத் தாண்டாத இடத்தையே நாடுக.

நாம் எண்ணாத பயன்

நாலாம் நாள் பிற்பகல், சின்னம்மா தாமே ஏழாம் பாதையில் ஏறி எம் விடுதிக்கு வந்தார். பாரிஸில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கி, பகலிலே பிள்ளைகளைப் பார்த்து, முதுமையிற் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தவர். இடக்கரைக்கு வேலையின் பொருட்டு எத்தனையோ முறை வந்துள்ளார். உலாவுதற்காக வந்தது அதுவே முதன்முறை. தாவரவியற் பூந்தோட்டத்து மரநிழலில், சகோதரியர் இருவரும் ஒரு வாங்கில் அமர்ந்து மாலை முழுவதும் ஊர்க்கதை பேசினர். “வேலைக்குப் போற வழியெல்லாம் எனக்குத் தெரியும் அக்கா. இப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு தெரியாது” என்றார் சின்னம்மா. பின்னர் எல்லாரும் மெல்ல நடந்து நதிக்கரையை அடைந்தோம். அவருடைய வீட்டிலேயே நாம் தங்கியிருப்பின், எமக்குச் சமைப்பதிலேயே அவருடைய அந்த நாளும் கழிந்திருக்கும்.

முதன்முறை செல்லும் குடும்பத்தார் நகரின் வரைபடத்தை விரித்து, தாம் காணவேண்டிய மனிதரையும் காணவேண்டிய இடங்களையும் முதலிற் குறித்துக்கொள்க. அவற்றுட் பெரும்பாலானவற்றை இணைக்கும் பாதை எது என்று பார்க்க. அப்பாதையிலே கடைவீதியும் பூங்காவும் அருகேயுள்ள ஒரு நிலையத்தைத் தெரிந்து, அதன்பின்னர் வாடகையை விசாரிக்க. பல்கலைக்கழகப் படிப்புக்காகத் தனியே செல்லும் மாணவர், பதினான்காம் வட்டாரத்திலே 1925இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பல்கலைக்கழக மாணவர் நகரில் இடங் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பது நன்று. விமான நிலையத்திலிருந்து வரும் புகையிரதம் அதன் வாசலிலேயே நிற்கும். உறவினர் உள்ளோர், அவர்களையும் ஒரு மாலைப்பொழுது தம் விடுதிக்கு அழைக்க மறவாதிருக்க.